கரிமூட்டப் புகையும் நுரையீரலின் கொழுப்புப் படலமும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடி, கடலாடிப் பக்கத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை பரப்பி, மண் மூடி, காற்றை மட்டுப்படுத்தி நாள்கணக்கில் கனியவிடும் கரிமூட்டம் பலருக்குச் சோறு போடும் தொழில். மூட்டத்துக்கு அருகிலேயே நின்று புகையைப் பார்த்துப் பதம் அறியும் தொழிலாளர்களின் மூச்சுக்குள் அந்தப் புகையின் துகள்கள் போய் என்ன செய்கின்றன என்ற கேள்வி என்னை நெடுநாளாக விடாமல் பிடித்திருக்கிறது. அதற்கு ஓரளவு விடை தருவது லிப்பிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மாதிரிப் படலங்களைக் கொண்டு நடக்கும் ஆய்வு.

நுரையீரலின் நுண்காற்றறைக்குள் நுழையும் துகள் முதலில் தொடுவது உயிரணுவை அன்று. அங்கே ஒரு மெல்லிய நீர்ப்படலமும், அதன் மேல் ஒற்றை மூலக்கூறு தடிமனில் ஒரு லிப்பிட் படலமும் இருக்கின்றன. தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன்; மூச்சை வெளிவிடும்போது இந்தப் படலம் நெருங்கிச் சுருங்கி, அந்த இழுவிசையை ஏறக்குறையப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதால்தான் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இப்படலப் பொருளின் குறைபாடே காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள்.

இதைச் சோதனைச்சாலையில் உருவாக்கப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஆழம் குறைந்த தொட்டியில் நீர் நிரப்பி, அதன்மேல் லிப்பிட்டைப் பரப்பி, நகரும் தடுப்பால் நெருக்கிக்கொண்டே பரப்பு அழுத்தத்தை, அதாவது படலம் நீரின் இழுவிசையை எவ்வளவு குறைக்கிறது என்பதை, அளக்கிறார்கள். இம்முறையின் முன்னோடி ஆக்னஸ் பாக்கெல்ஸ். பல்கலைக்கழகக் கல்வி கிட்டாத அந்தப் பெண் வீட்டிலிருந்தபடியே செய்த அளவீடுகள் 1891இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. பின்னாளில் இர்விங் லாங்முயர் இதே துறையில் 1932இல் நோபல் பரிசு பெற்றார். பாக்கெல்ஸின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் படலத்தில் கரித்துகள் சேர்ந்தால் விளைவு அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. நீரை வெறுக்கும் துகள் லிப்பிட்டின் வால்களுக்கிடையே (அவையும் நீரை வெறுக்கும் நீண்ட சங்கிலிகள்) செருகிக்கொண்டு அவை நெருக்கமாக அடுக்கப்படுவதைத் தடுக்கிறது; நீரை விரும்பும் துகளோ லிப்பிட்டைப் போர்த்திக்கொண்டு நீருக்குள் இறங்கி, படலத்தையே குறைத்துவிடக்கூடும். விறகுப் புகையில் உள்ள பென்சோபைரீன் போன்ற பல்வளையச் சேர்மங்கள் நீரில் கரைவது மிக அரிது, கொழுப்பில் எளிதாகக் கரையும். எனவே துகள் வெளியேற்றப்பட்ட பிறகும் அது சுமந்து வந்த நஞ்சு படலத்தில் தங்கிவிடலாம்.

இதே வகை லிப்பிட் படலங்களைக் கொண்டு கடலில் சேரும் பிளாஸ்டிக்கையும் ஆராயலாம்; ஆனால் அங்கே கதை வேறு. அறுந்த வலை, கயிறு, தெர்மோகோல் பெட்டி ஆகியவற்றின் நுண்துணுக்குகள் சந்திப்பது உயிரணுவைச் சூழ்ந்துள்ள, சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள லிப்பிட்டின் இரட்டை அடுக்குச் சவ்வை. சிறிய துகளே எளிதில் உள்ளே போகும் என்று நாம் எண்ணுவோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இழுவிசை இல்லாத சவ்வு வளைந்து ஒரு கோளத் துகளை முழுதாகச் சுற்றிக்கொள்ள ஆகும் ஆற்றல் துகளின் அளவைப் பொறுத்ததன்று. ஒட்டுவதால் கிடைக்கும் ஆற்றலோ துகளின் பரப்போடு கூடுகிறது. ஆகவே ஓர் எல்லைக்குக் கீழே உள்ள சிறு துகளைச் சவ்வால் சுற்ற முடியாது. அத்தகைய துகள் கொழுப்பை விரும்புவதானால் நேரே சவ்வின் நடுப்பகுதிக்குள் புதைகிறது. சில நானோமீட்டர் அளவுள்ள பாலிஸ்டைரீன் (தெர்மோகோலின் பிளாஸ்டிக்) அங்கே சங்கிலி சங்கிலியாகக் கரைந்துபோவதைக் கணினிப் பாவனைகள் காட்டியுள்ளன. மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய துகள்கள் உள்ளே போகாமலே சவ்வின் பரப்பில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்து விறைக்கவைப்பதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது.

உப்பையும் மறக்கக்கூடாது. நன்னீரில் மின்னூட்டங்கள் பல நானோமீட்டர் தொலைவுவரை ஒன்றையொன்று உணரும்; கடல்நீரில் அது அரை நானோமீட்டருக்கும் குறைவு. நேர்மின்னூட்டமுள்ள துகள் சவ்வில் துளையிடுகிறது என்று தூய நீரில் கண்ட முடிவை அப்படியே மண்டபத்துக் கடலுக்குப் பொருத்துவது தவறு. மேலும், கடலில் மிதக்கும் துணுக்கின்மீது கரிமப் பொருள்கள் படிந்து அதன் மேற்பரப்பையே மாற்றிவிடுகின்றன. கடையில் வாங்கும் வழவழப்பான பாலிஸ்டைரீன் மணிகளில் அந்தப் பூச்சு இல்லை. பாம்பன் கரையில் ஒதுங்கிய கயிற்றின் துணுக்குகளை, அந்தக் கடல்நீரிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். கரிக்கும் இதே நியாயம்தான்: மூட்டத்தின் புகைவழியில் படியும் மசியை எடுத்து, 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில், மூச்சின் வேகத்திலேயே படலத்தைச் சுருக்கியும் விரித்தும் அளந்தால்தான் கடலாடித் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி அந்தத் தொட்டி நமக்கு நம்பத்தக்க செய்தி சொல்லும்.