பி0171: சென்சாரை மாற்றச் சொன்னார்கள்

போன மாதம் நெல்லையிலிருந்து மதுரை போகும்போது, கோவில்பட்டி தாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கையில் டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் குறை தெரியவில்லை. நின்றால் மட்டும் லேசாக உதறியது.

விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்ததால் மதுரை வரை ஓட்டினேன். சிமிட்டியிருந்தால் ஓரங்கட்டியிருப்பேன். மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கடுமையாகி, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொசுக்குகிறது என்று அதற்கு அர்த்தம். சிவப்பு ஆயில் விளக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த பழுதுக் குறியீடு, அதாவது கோடு, பி0171. "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு சார், மாத்திருவோம். கோடை இப்பவே அழிச்சிரவா?" என்றார் மெக்கானிக். வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

பி0171 என்பது எந்தப் பார்ட்டின் பெயரும் இல்லை. கலவையில் காற்று கூடிவிட்டது, அல்லது பெட்ரோல் குறைந்துவிட்டது என்கிற புகார், அவ்வளவுதான். அந்தப் புகாரைக் கொடுப்பதே, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார்தான். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுவது எந்த ஊர் நியாயம்? கோடை அழித்தால் அதோடு ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். கோடு பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பு அது. தடயத்தைக் கழுவிவிட்டுத் துப்பறிய முடியாது.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறது. அதில் என்னுடைய சின்ன புளூடூத் கருவியைச் செருகி போனில் பார்த்தேன். ஃப்ரீஸ் ஃபிரேமில் வேகம் 0, ஆர்பிஎம் 740, கூலன்ட் 91 டிகிரி. அதாவது சூடான இன்ஜின், ஐடிலிங்: வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும் நிலை. அப்புறம் லைவ் டேட்டாவில் ஃபியூவல் ட்ரிம்: கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+), குறைக்கிறது (-) என்ற கணக்கு. ஷார்ட் டெர்ம் என்பது அந்தந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் என்பது நாள்பட்டுப் படிந்த திருத்தம். ஐடிலில் லாங் டெர்ம் +22. வழக்கமாக அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினேன். ஷார்ட் டெர்ம் மைனஸுக்கு இறங்கி, இரண்டின் கூட்டுத்தொகை +5 ஆனது.

விஷயம் இதில்தான் இருக்கிறது. என் வண்டியில் உள்ளே போகும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அதைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால் அந்தக் காற்று கணக்கில் வராது. ஐடிலில் இன்ஜின் இழுப்பதே கொஞ்சக் காற்று, அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. ஆர்பிஎம் ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பழுதாக இருந்தால் இதற்கு நேர்மாறு: இன்ஜினுக்கு லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும்.

பானட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் மெல்லிய 'உஸ்'. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி வால்விலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் வளையும் இடம். மேலே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. விரலை அடியில் விட்டு அமுக்கினேன், அரை அங்குல நீளத்துக்கு வாயைப் பிளந்தது. ரப்பர் எண்ணெயில் ஊறி, கொழகொழவென்று விரலில் கறுப்பாக ஒட்டியது. விரலால் அதை மூடிய உடனே உதறல் நின்றது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஹோஸ் 240 ரூபாய். மாட்டியதும் ஐடிலில் ஷார்ட் டெர்ம் மைனஸ் இருபதை ஒட்டி இறங்கியது, இன்ஜின் பழைய கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இரண்டு நாளில் லாங் டெர்ம் +3-க்கு வந்தது. கோடை நான் கையால் அழிக்கவில்லை. பழுது திரும்ப வராவிட்டால் சில ஓட்டங்களில் விளக்கு தானாக அணைய வேண்டும், அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். நான்காம் நாள் காலை மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினேன். சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எல்லா விளக்குகளோடும் சேர்ந்து எரிந்தது. ஸ்டார்ட் ஆனதும் எல்லாவற்றோடும் சேர்ந்து அணைந்தது.