அந்த 22ஐ மதிப்பெண் என்று நினைத்தோம்

பத்தாம் வகுப்பு விடுமுறையில் அப்பா என்னைத் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் அழைத்துப்போனார். ஒரு தனியார் மையத்தில் ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதினால் எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்லிவிடுவார்கள் என யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டணம் 2,500 ரூபாய். தச்சு வேலை செய்யும் அப்பாவுக்கு அது நான்கு நாள் கூலி. இரண்டரை மணி நேரம் எழுதினேன். வினாத்தாள் முழுக்க ஆங்கிலம். நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவள்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. எண் திறன் 58, வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் இடவெளித் திறன் 93, மொழிவழிச் சிந்தனை 22. அப்பாவின் கண் 22இலேயே நின்றுவிட்டது. 35 எடுத்தால் தேர்ச்சி என்பதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்த கணக்கு. மையத்தில் பதினைந்து நிமிடம் பேசினார்கள். “வாசிப்பு அதிகம் உள்ள பாடம் வேண்டாம், தாங்கமாட்டாள்” என்றார்கள். வரலாற்றுப் பிரிவில் சேர ஆசைப்பட்டிருந்த நான் வணிகவியல் பிரிவில் சேர்ந்தேன். இரண்டு வருடம் வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கவே பயந்தேன்.

பிறகு கல்லூரியில் உளவியல் எடுத்தேன். செய்முறை வகுப்பில் அதே வகைச் சோதனைகளைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் என் அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதே புரிந்தது. இன்று ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். சோதனை எழுதப்போகும் பிள்ளைகளுக்கும், அதற்குப் பணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் அந்த எண். அறிக்கையில் வருவது பெரும்பாலும் பெர்சென்டைல். பள்ளிப் புள்ளியியலில் நூற்றுமானம் என்று படித்திருப்பீர்கள். 22 என்றால் நூற்றுக்கு 22 கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதினேன் என்று பொருளாகாது. ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பேர் எனக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கூட்டம் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நகரத்து ஆங்கிலவழி மாணவர்களோடு தமிழ்வழிப் பிள்ளையை நிறுத்தி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், சிந்தனையோடு சேர்த்து ஆங்கிலத்தையும் அளந்துவிடுகிறோம். இரண்டையும் பிரிக்கவே முடியாது.

கல்லூரியில் என் பேராசிரியர் அத்தகைய கேள்விகள் சிலவற்றைத் தமிழில் சொல்லிக் கேட்டார். ‘மருத்துவர் – நோயாளி, ஆசிரியர் – ?’ என்ற வகைக் கேள்விகள், போகப்போகக் கடினமாகிக்கொண்டே போகும். தடுமாறாமல் சொன்னேன். ஆனால் அவர் அதற்கு எண் போடவில்லை. மொழிபெயர்த்துவிட்டதாலேயே ஒரு சோதனை தரப்படுத்தியதாகிவிடாது என்றார். தமிழ் மாணவர்கள் பலருக்குக் கொடுத்து, அவர்கள் எடுத்ததை வைத்து அளவுகோல் அமைத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இந்த நேர்மையை நான் பணம் கட்டிய இடத்தில் பார்க்கவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: சோதனை எந்த மொழியில் இருக்கும்? என் பிள்ளையை யாரோடு ஒப்பிடுவீர்கள்? அறிக்கையை விளக்க எவ்வளவு நேரம் உட்காருவீர்கள், விளக்குபவர் உளவியல் படித்தவரா? இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. திறன், ஆர்வம், ஆளுமை மூன்றும் வேறு வேறு. 1947இல் அமெரிக்காவில் வெளியான டி.ஏ.டி. (Differential Aptitude Tests) போன்ற திறனறி சோதனைகள், ஒரே நுண்ணறிவு எண்ணுக்கு (ஐ.க்யூ.) பதிலாகப் பல திறன்களைத் தனித்தனியே காட்டுவதற்கென்றே உருவானவை. அறிக்கையில் வரும் வரைபடத்தில் மேடு எது, பள்ளம் எது என்று பார்க்க வேண்டும். கூட்டிச் சராசரி எடுத்தால் சோதனையின் நோக்கமே போய்விடும். ஆர்வத்துக்கு இன்று அதிகம் புழங்குவது அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து வகுத்த ஆறு வகைகள்: செய்முறை, ஆராய்ச்சி, கலை, சமூகம், முனைவு, ஒழுங்கு. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இந்த வகைகளைக் காட்டும் சோதனையை இலவசமாகவே எழுதலாம். குறுகிய வடிவத்தில் 60 கேள்விகள். தமிழில் இருக்காது, வேலைகளும் அந்த நாட்டுக்குரியவை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திராத வேலைக்கெல்லாம் ‘பிடிக்காது’ என்று குறித்துவிடுகிறார்கள். நான் அவர்களிடம் அந்த இடத்தில் நிறுத்தி, அந்த வேலையில் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்வார் என்று சொல்லிவிட்டுத்தான் குறிக்கச் சொல்கிறேன்.

ஆளுமைச் சோதனைகளில்தான் அதிகம் ஏமாறுகிறோம். எம்.பி.டி.ஐ. (Myers-Briggs Type Indicator) என்ற சோதனை மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. இரண்டு வகைகளுக்கு நடுவிலுள்ள கோட்டுக்கு அருகில் இருப்பவர் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகைக்குள் போய்விடலாம். “நீ உள்முக வகை, உனக்கு ஆசிரியர் வேலை சரிவராது” என்று ஒரு மாணவியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு என் 22 நினைவுக்கு வந்தது. அறிக்கை நம்மை அப்படியே படம் பிடித்தது போலத் தோன்றினாலும் கவனமாக இருங்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே பத்தியைத் தனித்தனி அறிக்கை என்று சொல்லிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் போட்ட சராசரி 5க்கு 4.26.

விரல் ரேகையை வைத்து மூளைத் திறனையும் படிப்பையும் சொல்வதாகப் பள்ளிகளுக்கு வருகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: பணம் கொடுக்காதீர்கள். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவித்திருக்கிறது.

சோதனை நாளுக்கு மனப்பாடம் எதுவும் வேண்டாம். நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பகுதிக்குப் பகுதி நேரக் கட்டுப்பாடு உண்டு. மாதிரிக் கேள்வி புரியவில்லை என்றால் நேரம் ஓடத் தொடங்கும் முன்பே கேளுங்கள். நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன். ஆளுமைக் கேள்விகளில் நல்ல பிள்ளை சொல்லும் பதிலை எழுதாமல் உங்கள் பதிலை எழுதுங்கள். அறிக்கை வாங்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு, வீட்டில் நீங்கள் விரும்பிச் செய்யும் வேலைகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

ஏனென்றால் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. இடவெளித் திறனில் 93. விரித்த அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்ற கேள்விகள். படங்கள்தாம், ஆங்கிலம் குறுக்கே வரவில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து அப்பாவோடு உட்கார்ந்து கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அளவு குறித்தவள் நான். கட்டடக்கலை, நில வரைபடம், வடிவமைப்பு என்று எத்தனையோ வாசல்களைப் பற்றி அன்று பேசியிருக்கலாம். பதினைந்து நிமிடமும் 22இலேயே முடிந்துபோனது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்த அறிக்கை கிடைத்தது. அப்பாவிடம் 93ஐக் காட்டி விளக்கினேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “மரத்தைப் பார்த்ததும் உள்ளே அலமாரி தெரியுமே, அதுதானாம்மா இது?” என்று கேட்டார்.