1.005 ஏன் 1.01 ஆகவில்லை

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியில் 1.005 என்ற எண்ணை, தசம இடங்களைக் குறைத்துத் தரும் டூஃபிக்ஸ்ட் (toFixed) என்ற கட்டளை மூலம் இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கினால் 1.01 வராது, 1.00 தான் வரும். டூஃபிக்ஸ்ட் மீது தப்பில்லை. கணினி எண்களை இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைத்திருக்கிறது, அதில் 1.005 சரியாக அடங்காது, உள்ளே இருப்பது 1.00499999 என்று நீளும் ஓர் எண், அது கீழே இறங்குவதுதான் நியாயம். பைத்தான் மொழியில் 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் இதே காரணத்தால் 2.67 ஆகிறது. ஆனால் பைத்தான் 3-இல் 2.5-ஐ முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் 2 வருவது வேறு கதை: சரிபாதியாக இருந்தால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் போவது அதன் விதி.

சரி, இந்த ரவுண்ட் பணத்தில் எங்கே இடிக்கும் என்று பார்க்க ஒரு பில்லுக்கு வருவோம். 18.52 ரூபாய்ப் பொருள் மூன்று, 18 சதவீத ஜிஎஸ்டி. ஒவ்வொன்றுக்கும் வரி 3.3336, அதை 3.33 ஆக்கிக் கூட்டினால் 9.99. மொத்தம் 55.56-க்கு ஒரே தடவை வரி போட்டால் 10.00. ஒரு பைசாதான், ஆனால் கணக்குப் பிள்ளைக்கு அது போதும், மாதக் கடைசியில் உட்கார்ந்து தேட வைத்துவிடும். எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்பதைக் புரோகிராம் எழுதும் முன்பே கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாகவே டேட்டாபேஸில் வையுங்கள். பைத்தான் என்றால் தசம எண்களை அப்படியே வைத்திருக்கும் டெசிமல் என்ற எண் வகை இருக்கிறது, ஆனால் மதிப்பை மேற்கோள் குறிக்குள் சரமாக, அதாவது எழுத்துத் தொடராகக் கொடுக்க வேண்டும், ஃப்ளோட்டாக, அதாவது மேற்கோள் இல்லாத சாதாரணத் தசம எண்ணாகக் கொடுத்தால் அந்தப் பழைய 1.00499999 அப்படியே உள்ளே வந்துவிடும். அப்புறம், எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசமம் என்று எழுதி வைக்காதீர்கள், ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று.