பேனாவால் எழுதிய அந்த வரி

வீடு வாங்கக் கட்டிய முன்பதிவுத் தொகை, போன வாரம் ஒரு பைசா குறையாமல் எங்கள் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து கணக்கிட்டால் 47 நாள். இதே அவதியில் இருக்கும் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் யாராவது நடந்ததை நடந்தபடி என்னிடம் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வீட்டில் எந்தக் குறையும் இல்லை. சமையலறையில் காலை வெயில் விழும் ஒரு ஜன்னல் இருந்தது. அதன்முன் நின்றபோதே மனம் குடியேறிவிட்டது. ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு, விற்பவர் கேட்ட விலையைவிடக் குறைவு. கடனும் அதற்கேற்பக் குறைந்தது. மீதியைப் புரட்ட வேண்டுமென்றால் அம்மாவின் வைத்தியத்துக்கென எடுத்து வைத்திருந்ததில் கை வைக்க வேண்டும். அதைத் தொடுவதில்லை என்று நானும் கணவரும் அன்றிரவே முடிவெடுத்தோம்.

மறுநாள் போனில் சொன்னேன். அதுவரை "உங்கள் வீடு, உங்கள் வீடு" என்று பேசிய விற்பனைப் பிரிவுக்காரர், "முன்பதிவுத் தொகையைத் திருப்பித் தருவதில்லை மேடம், அதுதான் நடைமுறை" என்றார். நடைமுறை என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு இரண்டு நாள் முடங்கிப்போனேன்.

கணவர்தான் முன்பதிவுப் படிவத்தைத் தேடி எடுத்து என் முன்னால் விரித்தார். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஆறாவது நிபந்தனைக்குப் பக்கத்து ஓரத்தில், நீல மையில், சற்றே சாய்ந்த கையெழுத்தில்: "வங்கிக் கடன் போதிய அளவு கிடைக்காவிட்டால் தொகை திருப்பித் தரப்படும்." கீழே அதே விற்பனைப் பிரிவுக்காரரின் சுருக்கொப்பம், தேதி. பணம் கட்டிய அன்று அதை எழுதச் சொல்லிக் கேட்டவர் என் கணவர். நல்ல காரியத்தின்போது இதெல்லாம் எதற்கு என்று அவர் முழங்கையை நான் இடித்தது நினைவுக்கு வந்தது. அவர் அன்று விட்டுக்கொடுக்காததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முன்பதிவுத் தொகை என்பது, குறிப்பிட்ட நாள்வரை அந்த வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்தி வைப்பதற்காகக் கொடுப்பது. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கட்டும் முன்பணம் வேறு; அந்தக் கட்டத்தில் விலகினால் ஒப்பந்தத்தை முறித்தவர்கள் ஆகிவிடுவோம், இழப்பும் பெரிது. நாங்கள் அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், கடன் கிடைக்காமல் வீடு வாங்க முடியாமல்போன ஒரு தம்பதிக்கு, தரகர் வாங்கிய முன்பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. இங்கிலாந்தில் புதிய வீடுகளைக் கட்டி விற்பவர்களுக்கான நடத்தை விதிகளில், முன்பதிவு செய்த 14 நாளுக்குள் மனம் மாறினால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று இருக்கிறது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்கிறது. ஊருக்கு ஊர் சட்டம் மாறும். ஆனாலும் இவற்றைப் படித்தபோது எனக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது: நாங்கள் விலகியதால் உங்களுக்கு உண்மையில் என்ன நட்டம்?

போனில் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். மின்னஞ்சலில் ஒரு கடிதம். அதையே அச்செடுத்து அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பணம் கட்டிய தேதி, ரசீது எண், மூன்றாம் பக்கத்தின் நகல், கடன் தொகையைக் குறைத்து வங்கி கொடுத்த கடிதம், பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண், பதிலுக்கு 14 நாள் கெடு. அம்மாவின் உடல்நிலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அது சலுகை கேட்கும் கடிதமாகிவிடும். நான் கேட்டது எங்கள் பணத்தை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "நிர்வாகச் செலவாக" முப்பது சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்றார்கள். இங்கேதான் பலர் போதுமென்று ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். எனக்கும் அந்தச் சபலம் வந்தது. ஆனால் எந்தச் செலவு, எந்தத் தேதியில், எவ்வளவு, அதற்கான பில் எங்கே என்று திருப்பிக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. அதே வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது, எங்களுக்கென்று நிறுத்தி வைத்திருந்த வீட்டின் வாசலில் "விற்கப்பட்டது" என்ற பலகை தொங்கியது. படம் எடுத்து அனுப்பினேன். வீடு மூன்றே வாரத்தில் வேறொருவருக்கு விற்றுவிட்டது, பிறகு எந்த நட்டத்துக்காகக் கழிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன்.

முழுத் தொகையும் தருவதாக எழுதினார்கள். கூடவே ஒரு கடிதம்: பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திட்டு, அசல் ரசீதோடு ஒப்படைக்க வேண்டுமாம். பணம் வருவதற்கு முன்பே! தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். ரசீதின் நகலை மட்டும் அனுப்பி, பணம் கணக்கில் ஏறிய அன்றே அசலோடு நேரில் வருகிறேன் என்று எழுதினேன். மேலும் ஒன்பது நாள் இழுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பணம் வந்தது. மாலையில் போய் அசல் ரசீதைக் கொடுத்துவிட்டு, அந்தக் கடிதத்தில் பணம் வந்த தேதியை என் கையாலேயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.