அப்பா பெயரில் இரண்டு வருடம்

பிலிப்பைன்ஸிலிருந்து ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சலில் வந்தது. திங்கட்கிழமைதான் எங்களுக்குத் துணி துவைக்கிற நாள். வாளியில் சட்டைகளை ஊறப்போட்டுவிட்டு, நுரைக் கையை உதறிக்கொண்டே போனைத் திறந்தேன். செபு, சிங்கப்பூர், கோயம்புத்தூர். 2024 ஜூலை 17.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் கம்பேனியன், அதாவது ஜோடி மிஷனரி, கைதட்டினான். "எல்டர் சாகப்போகிறார்!"

பயந்துவிடாதீர்கள், இது மிஷனரிகளின் பாஷை. ஆண் மிஷனரியை 'எல்டர்' என்று கூப்பிடுவார்கள். மிஷன் முடிந்து ஊருக்குப் போவதுதான் 'சாவு'. புதிதாக வருகிறவனுக்குப் பயிற்சி கொடுப்பவர் 'அப்பா'. கடைசி ஆறு வாரம் கூட இருந்து வழியனுப்புகிறவன் 'கொலைகாரன்'. ஊர் நினைப்பு வந்து மனசுக்குள்ளேயே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டவன் 'ட்ரங்கி'. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும், இடமோ ஜோடியோ மாறும். எனக்கு அது கடைசி ஆறு வாரம். இலோய்லோவிலிருந்து வந்த 19 வயதுப் பையன் எனக்குக் கொலைகாரன்.

அன்று மாலை வீடியோ காலில் அம்மாவிடம் இதை நகைச்சுவையாகச் சொல்லலாம் என்று நினைத்தது என் தப்பு. "இன்னும் ஆறு வாரத்துல நான் சாகப்போறேம்மா" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. பின்னாலிருந்து அப்பா, "என்னவாமா?" என்றார். விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. 2019க்கு முன்னால் போனவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்குப் பேச முடியும். அந்த ஏற்பாடே பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

எங்கள் வீடு பீளமேட்டில். அப்பா பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா சபையில் சேர்ந்தார், பிறகு நான். அப்பா சேரவில்லை. இன்றைக்கும் கிருத்திகை தவறாமல் மருதமலை போகிறவர். மோர்மன் என்ற வார்த்தையை முதலில் கேட்டபோது ஆத்தா, "மோர் விக்கறவிங்களா கண்ணு?" என்று கேட்டது. அந்தப் பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று சபைத் தலைவரே 2018ல் கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஆத்தாவுக்கு இதைச் சொல்லிப் பார்த்தோம். மோரே பரவாயில்லை என்றது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெங்களூரு மிஷன் அல்லது புது தில்லி மிஷன் கிடைக்கும். எங்கே போக வேண்டும் என்று நாம் கேட்க முடியாது, சால்ட் லேக் சிட்டியிலிருந்து வருகிற கடிதம்தான் சொல்லும். எனக்குப் பிலிப்பைன்ஸ் என்று வந்திருந்தது. டிப்ளமோ முடித்த பையன், வெளிநாடு. அப்பா கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" சம்பளம் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும் என்றேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. அப்புறம் ஏர்போர்ட்டுக்கு மட்டும் வந்தார். "ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் ஆகக் கூடாது" என்றார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அப்பாவின் பெயர்தான் என் சட்டைப் பையில் இரண்டு வருடம் தொங்கியது. மிஷனரி பேட்ஜில் எல்டர் என்று போட்டு, பக்கத்தில் குடும்பப் பெயர் போடுவார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அதில் ஒரு ழகரம் வேறு. ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் சேர்த்து எழுதியிருந்ததைச் செபுக்காரர்கள் 'ஸ' என்று படித்தார்கள். சந்தையில், ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில், மழையில் ஒதுங்கிய திண்ணைகளில் எல்லாம் என் அப்பாவை ஸகரத்தோடு கூப்பிட்டார்கள். என் சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்டதே இல்லை.

கடைசி ஆறு மாதம் நான் இருந்தது செபு தீவின் தெற்கே கார்கார் பக்கம். செபு நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பன்றித்தோல் வறுவலுக்கும் செருப்புக்கும் பேர்போன ஊர். அங்கே வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிட "அயோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு தமிழன் வீடு வீடாகப் போய் ஐயோ ஐயோ என்று கத்துவதை நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் எனக்கே சிரிப்பு தாங்காது.

கார்காரில் முதல் நாள் இப்படிக் கூப்பிட்டபோது ஒரு வீட்டில் திரைச்சீலை அசைந்தது. நான்கு வயதுப் பையன் ஒருவன் வெளியே வந்தான். "வாலா சி மாமா, இங்கோன் நி மாமா" என்றான். மாமா என்றால் அங்கே அம்மா. அம்மா வீட்டில் இல்லை என்று அம்மா சொன்னாளாம்.

பும்பாய் வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அந்த அம்மா ஒளிந்திருக்கிறாள். பிலிப்பைன்ஸில் இந்திய முகம் எல்லாமே பும்பாய்தான். பம்பாய் என்பதன் மருவல். மோட்டார் பைக்கில் தெருத்தெருவாக வந்து வட்டிக்கு விடுகிற இந்தியர்களைப் பார்த்து வந்த பெயர். ஐந்து வாங்கினால் ஆறு கொடுக்க வேண்டும், தொழிலுக்கே 'ஃபைவ் சிக்ஸ்' என்றுதான் பெயர். நம்மூர்த் தண்டல் மாதிரி. சாப்பிடாத குழந்தையைப் பும்பாய் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று பயம் காட்டுவார்கள். அப்படிப்பட்ட தெருவில் இந்திய முகம், வெள்ளைச் சட்டை, கையில் பை, வாசலில் நின்று ஐயோ என்று சத்தம். கதவை யார் திறப்பார்கள்? அமெரிக்கப் பையன்களைப் பார்த்ததும் உள்ளே வாருங்கள் என்று பெஞ்சைத் துடைத்த வீடுகள் எனக்கு மட்டும் பூட்டிக்கொண்டன. முதல் வருடம் இதற்காக அழுதிருக்கிறேன்.

நிஜமான பும்பாயைக் கார்காரில்தான் பார்த்தேன். மாமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜலந்தர்க்காரர், 50 வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இந்தியில் மடமடவென்று ஆரம்பித்தார். நான் விழித்தேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். கடைசியில் ஒரு பஞ்சாபியும் ஒரு தமிழனும் செபுக்காரர்களின் பிசாயா மொழியில் பேசிக்கொண்டோம். "இந்தியாக்காரன், இந்தி தெரியாதா?" என்பதையே அவர் பிசாயாவில்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் அவரும் ஒரு புகார் சொன்னார். "நீ முன்னால் போகிறாய். என் ஆட்கள் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். அப்புறம் நான் போனால் தெருவில் ஒருத்தரும் இல்லை. என் வசூலே படுத்துவிட்டது." என் வசூலும் அவரால் படுத்துப்போனதைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஒளிந்துகொண்ட அந்த அம்மா ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தாள். 2021 டிசம்பரில் ஒடெட் புயல் கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போக, அதற்காக ஃபைவ் சிக்ஸ் வாங்கியிருக்கிறாள். அது வட்டி மேல் வட்டியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் யாரென்று தெரிந்த பிறகு கடைக்கு முன்னால் உட்காரச் சொல்வாள். வேலியோரம் வரிசையாக முருங்கை. அங்கே அதற்குக் கமுங்காய் என்று பெயர். சூப்பில் உருவிப் போடுவார்கள். எங்கள் ஊரிலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான் என்றேன், அவள் நம்பவில்லை. சபைக்கு ஒரு ஞாயிறுகூட வந்ததில்லை. சாந்தோ நீன்யோ என்கிற குழந்தை இயேசு படத்துக்குத் தினம் பூ வைக்கிறவள், அதை மாற்றிக்கொள்ளும் யோசனையே அவளுக்கு இல்லை. எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரு எண் சொல்கிறேன். அந்த எண்ணில் இவள் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே சரியில்லை.

கடைசி ஆறு வாரமும் வேகமாக உழைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்லக் கூடாது. நான் நல்ல ட்ரங்கி. காலை ஆறரைக்கு எழுந்து படிக்கிற நேரத்தில் வேதப் புத்தகத்துக்குள் டிக்கெட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மத்தியானம் கால் வலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். கால் வலிக்கவே இல்லை. கம்பேனியனுக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் கமுங்காய்க் கீரை போட்டு நூடுல்ஸ் செய்து பாயருகே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். ஒருவரை ஒருவர் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பது விதி. என் பொய்க்கு அவனுடைய ஒரு மத்தியானமும் போயிற்று. மறுநாள் அவனுக்கு முன்னால் நான் ஷூ மாட்டினேன். மூன்றாவது ஜோடி அது. அடிப்பாகம் பிளந்து மழைத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஊர்ச் செருப்புக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளைக்கு வேண்டும்?" என்றார். பத்து நாளைக்கு என்றேன். பத்து நாளைக்குத் தகுந்த மாதிரி தைத்துக் கொடுத்தார்.

கடைசி வாரம் பெட்டிக்கடைக்குக் கணக்கு முடிக்கப் போனேன். மிஷனரி கடன் வைக்கக் கூடாதுதான், ஆனால் சில்லறை இல்லாத நாளில் முட்டை, போனுக்கு ரீசார்ஜ் என்று கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் நோட்டை விரித்தாள். பக்கத்தின் தலைப்பில் பும்பாய் என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே எல்டர் என்று எழுதி, காதில் விழுந்தபடி ஸகரம் போட்டு என் அப்பா பெயர். 64 பேசோ. வேண்டாம், போய் வா என்று சொல்வாள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. ஒவ்வொரு நாணயமாக எண்ணி வாங்கி டப்பாவில் போட்டாள். அப்புறம் ஸ்கேலை வைத்து அந்தப் பக்கத்தை நேராகக் கிழித்து என்னிடம் கொடுத்தாள். பையன் வந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பெரியவர்களுக்கு அங்கே அப்படித்தான் மரியாதை. எனக்கு வயது 22.

ஜலந்தர்க்காரர் வழிச்செலவுக்குப் பணம் கொடுக்க வந்தார். பும்பாயிடம் பணம் வாங்கினேன் என்று ஊரில் பேச்சு வரும் என்றேன். சிரித்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தார். அதை ஏன் கைப்பையில் வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

செபு நகரத்துக்கு வந்து மிஷன் தலைவருடன் கடைசிப் பேட்டி, அவர் வீட்டில் சாப்பாடு, 2010லிருந்து இயங்குகிற செபு ஆலயத்தில் ஒரு காலைப் பொழுது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் என் நினைவில் நிற்பது சிங்கப்பூர் விமான நிலையம். கழிவறைக்குப் போய் வந்து வாசலில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது, கம்பேனியன் வெளியே வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கூட யாரும் இல்லை. பையைத் தூக்கினால் கடுகெண்ணெய் வாசம். பாட்டில் கசிந்து, ஊரில் இறங்கும்போது போட வேண்டும் என்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஊறியிருந்தது.

அந்தச் சட்டையோடுதான் கோவையில் இறங்கினேன். அம்மா அழுதார். அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு, "என்ன நாத்தம்?" என்றார்.

முறைப்படி விடுவிக்கும் வரை நான் மிஷனரிதான். அன்று சாயங்காலம் பொறுப்பாளர் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தார். இரண்டு மூன்று கேள்வி, ஒரு ஜெபம், இனி பேட்ஜைக் கழற்றலாம் என்றார். கழற்றினேன். பின் குத்திக் குத்திச் சட்டைப் பையில் இரண்டு சிறு ஓட்டைகள். பேட்ஜை டைனிங் டேபிளில் வைத்தேன்.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அளவு பார்க்கிற மாதிரி அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என் பேருல்ல?"

"ஆமாங்கப்பா."

"உன்ற பேரு எங்க?"

"அதுல இல்லீங்கப்பா. இதைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

"எல்லாரும்னா?"

"ஊரே. சின்னப் பசங்கள்ல இருந்து."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாலு வயசுப் பையன்கூட என் பேரைச் சொல்லியா கூப்புட்டான்?"

"முன்னால எல்டர்னு போட்டுத்தாங்கப்பா."

"அப்பச் சரி" என்று சொல்லி, பனியனில் அதை ஒரு தடவை துடைத்து, டிவி மேலே இருந்த முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.