பாதை வழக்கில் நான் முதலில் கேட்பது

பாதைத் தகராறு என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் "அந்த இடமே எங்களோடதுதான் சார், காலங்காலமா நடக்கிறோம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இடம் உங்களுடையதா, இல்லை அடுத்தவர் இடத்தில் நடக்கிற உரிமை மட்டும் உங்களுடையதா என்பதை முதலில் பிரித்துக் கேட்டுவிடுவேன். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய சட்டம்) பாதை கேட்டால், நிலம் அந்த அடுத்தவருடையது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. இரண்டையும் கலந்து பிராது போட்டால் எதிர்த்தரப்பு அங்கேதான் பிடிக்கும்.

ஒரே மனையை இரண்டாகப் பிரித்து விற்ற ஒரு விவகாரம் நினைவிருக்கிறது. பின்மனைக்காரர் தெருவுக்கு வர முன்மனை ஓரமாகத்தான் வழி. பத்திரத்தில் "மாமூல் வழிநடை பாத்தியம்", அதாவது வழக்கமாக நடந்துபோகும் உரிமை, என்று இருந்ததே தவிர எத்தனை அடி அகலம் என்று இல்லை. பின்னால் வீடு கட்ட ஆரம்பித்து மணல் லாரி வந்ததும் முன்மனைக்காரர் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்.

பிரிவினையால் வழியில்லாமல் போன மனைக்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 13-இல் பாதுகாப்பு உண்டு, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையோடு நடந்திருந்தால் பிரிவு 15 உண்டு, இதையெல்லாம் இருவருமே ஓரளவு தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள். ஆனால் ஒருவகைப் பாதை உரிமையில் இன்னொரு வகை அடங்காது என்று பிரிவு 28 சொல்கிறது, அதாவது நடக்க உரிமை இருப்பதாலேயே லாரி போக உரிமை வந்துவிடாது. அதைப் பின்மனைக்காரரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

சர்வேயரை வைத்து அளக்கும்போது முன்மனைப் பெரியவர் தரையைக் காட்டி, "வழி விடமாட்டேன்னு நான் எங்க சொன்னேன் தம்பி? செப்டிக் டேங்க் இங்கதான் இருக்கு, லாரி ஏறினா மூடி தாங்குமா?" என்றார். வழக்குக் காகிதங்களில் எங்கேயும் இல்லாத விஷயம் இது. இதற்காகத்தான் பாதை வழக்குகளில் இடத்தைப் போய்ப் பார்க்காமல் நான் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதே இல்லை, பத்திரத்தை மட்டும் படித்தால் மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாது.

அப்புறம் பேசுவது சுலபமாயிற்று. கட்டுமானச் சாமான் தெருவிலேயே இறங்கித் தள்ளுவண்டியில் உள்ளே போகும், பைக்கும் காரும் போகலாம், தொட்டிக்கு மேல் கனமான கான்கிரீட் மூடி போடும் செலவு பின்மனைக்காரருடையது. கேட் இருக்கட்டும், சாவி இருவரிடமும் இருக்கும். பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, வரைபடம் இணைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் வரும், நாளைக்கு முன்மனையை வாங்கப் போகிறவருக்கும் பாதை இருப்பது தெரியும்.