மஞ்சள் வேப்பரைசரில் ஊதா மருந்து

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அனஸ்தீசியா டெக்னீஷியன் நான். போன மழைக்காலத்தில் ஒருநாள், காலை ஏழரை மணி மெஷின் செக். செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மஞ்சள் வேப்பரைசரின் டயலை 2 சதவீதத்தில் வைத்தேன். மானிட்டரில் செவோவோடு சேர்ந்து 'ஐசோ' என்றும் ஓர் எண் ஓடியது. அது இன்னொரு மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன்; அதற்கான ஊதா வேப்பரைசரோ மூடிக் கிடந்தது. மானிட்டருக்கு வாயு எடுக்கும் சாம்பிள் லைனை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான்.

எங்களுடையது மூடியைத் திருகி நேரே ஊற்றும் பழைய மாடல். அந்தந்த மருந்துக் குப்பியை மட்டுமே ஏற்கும் சாவி ஃபில்லர் இருந்திருந்தால் ஐசோவின் ஊதாக் கழுத்துக் குப்பி மஞ்சள் வேப்பரைசரில் பொருந்தியிருக்காது. ராத்திரி சிசேரியன் முடிந்ததும் மட்டம் குறைந்திருக்கிறதே என்று சிஸ்டர் செவோவுக்குப் பதில் ஐசோவை ஊற்றியிருக்கிறார். "மஞ்ஞயாணென்னு விசாரிச்சு, சேட்டா" (மஞ்சள் என்று நினைத்துவிட்டேன்) என்றபோது அவர் குரல் நடுங்கியது. ராத்திரி சார்ட்டைப் புரட்டினேன். நோயாளிக்குப் போனது செவோ மட்டும்தான். அப்பாடா.

பயந்ததற்குக் காரணம் உண்டு. 20 டிகிரியில் செவோவின் ஆவி அழுத்தம் சுமார் 157 மில்லிமீட்டர் பாதரசம், ஐசோவுக்கு 238. செவோவுக்கென்று அளவெடுத்த வேப்பரைசரில் முழுக்க ஐசோ இருந்தால், 2-ல் வைத்தாலும் மூன்றரை சதவீதம்போல வரும். ஐசோவுக்கு வீரியமும் அதிகம். கணக்குப் போட்டால் மூன்று மடங்கு மயக்கம், பி.பி. சடசடவென்று இறங்கிவிடும்.

"வடிச்சுட்டுப் புதுசு ஊத்திக்கலாமே" என்றார் ஒருவர். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் திரி மருந்தைக் குடித்து வைத்திருக்கும், வடித்தாலும் அது வராது. வடித்ததைத் தனிக் குப்பியில் பிடித்து 'கலப்பு, தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். டயலை முழுக்கத் திறந்து, கழிவு வாயுக் குழாயை மாட்டி, ஆக்சிஜனை ஓட விட்டேன். மணிக்கணக்காகியும் ஐசோ எண் முழுசாகச் சாகவில்லை. சரி, சர்வீஸுக்கே போகட்டும் என்றார் டாக்டர்.

பெரியவர்கள் கேஸெல்லாம் ஐசோவில் நடந்தன. ஒரு குழந்தை கேஸ் மட்டும் தள்ளிப்போனது. ஐசோ நெடியை மூச்சில் கொடுத்துக் குழந்தையைத் தூங்கவைக்க முடியாது, இருமித் திணறிவிடும்.

வேப்பரைசரை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் "எந்தா இது, குக்கரோ?" என்றார் ஒருவர். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவரே போகச் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் கழித்து அளவுச் சான்றிதழோடு திரும்பி வந்தது.

இப்போது ராத்திரி எந்நேரமும் வாட்ஸாப்பில் படம் வரும்: குப்பியும் வேப்பரைசரும் பக்கத்தில் பக்கத்தில். கீழே, "ஒழிக்கட்டே சேட்டா?" மலையாளத்தில் ஒழிப்பது என்றால் ஊற்றுவது. கழுத்து நிறத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 'ஒழிங்க' என்று பதில் போடுகிறேன்.